விவாகரத்து: மனு போடுவதற்கு முன்னால் பணக் கணக்கு

விவாகரத்து வழக்கில் முடிவாக வேண்டியவை இரண்டு. திருமணம் முறிகிறதா என்பது ஒன்று. அதன்பின் வீடு, நகை, கடன், பிள்ளைகளின் படிப்பு ஆகியவை யார் பொறுப்பில் என்பது மற்றொன்று. பிரிய முடிவெடுத்தவர்கள் முதல் கேள்வியிலேயே தெம்பையெல்லாம் செலவழித்துவிடுகிறார்கள். இரண்டாவதைக் கடைசி வாய்தாவன்று நீதிமன்றத் தாழ்வாரத்தில் நின்றபடி பேசி முடிக்கிறார்கள். அப்படி அவசரத்தில் ஒப்புக்கொண்டதன் பாரம் பல ஆண்டுகள் தொடர்கிறது. அதனால் இங்கே இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

தமிழ்நாட்டில் இந்து திருமணச் சட்டம், 1955-இன்கீழ் வரும் தம்பதிகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு எங்கெங்கே மாறும் என்பதைப் பிற்பகுதியில் சொல்கிறேன். வழக்கறிஞர் இல்லாமல் வழக்கு நடத்தச் சொல்லவில்லை. அவர் எதிரே உட்காரும்போது எதைக் கொண்டுபோக வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போங்கள் என்கிறேன்.

வீட்டில் அடி உதை, மிரட்டல் இருந்தால் கணக்கெல்லாம் பிறகு. 181 பெண்கள் உதவி எண், 112 அவசர எண். காயம் பட்டிருந்தால் அரசு மருத்துவமனைக்குப் போய் யார் அடித்தது என்பதைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005-இன்கீழ் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்ற உத்தரவு, அருகில் வரக் கூடாது என்ற உத்தரவு, பணஉதவி மூன்றையும் அந்தச் சட்டத்தின் வழியாகவே கேட்கலாம்.

எது விவாகரத்து ஆகாது

நம் ஊர்களில் இன்றும் நடக்கிற காரியம் இது. இரு வீட்டாரும் ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, முத்திரைத்தாளில் “இன்று முதல் எங்களுக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வார்கள். நோட்டரி முத்திரையும் வாங்குவார்கள். அந்தத் தாளால் திருமணம் முறியாது. வழக்கப்படி தீர்த்துவிடும் முறை தங்கள் சமூகத்தில் தொன்றுதொட்டு உண்டு என்று நிரூபிக்க முடிந்தவர்களுக்கு இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு இடம் தருகிறது. ஆனால் அதை நிரூபிப்பதே தனி வழக்காகிவிடும்.

அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் பேசி எழுதி வாங்கிய கடிதமும் விவாகரத்து ஆகாது. எத்தனை ஆண்டு பிரிந்து வாழ்ந்தாலும் தானாக விவாகரத்து வந்துவிடாது. ஏழு ஆண்டு என்று மக்கள் சொல்வது, உயிரோடு இருப்பதாகவே தகவல் இல்லாத துணையைப் பற்றிய பிரிவு. அதற்கும் நீதிமன்றத்தில் மனு போட்டுத் தீர்ப்பு வாங்கத்தான் வேண்டும்.

முத்திரைத்தாளை நம்பி மறுமணம் செய்துகொண்டால் அந்த மணம் செல்லாது. முதல் துணை புகார் கொடுத்தால், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறை. இரண்டாவதாக வந்த பெண்ணுக்கோ குடும்ப ஓய்வூதியம் முதற்கொண்டு எல்லாமே சிக்கலாகும். அவள் என்ன தவறு செய்தாள்? ஊர்ப் பேச்சில் முடித்துக்கொள்ளச் சொல்லும் உறவினர்களிடம் இதை எடுத்துச் சொல்லத் தயங்காதீர்கள்.

முதல் வேலை: காகிதங்களைத் திரட்டுங்கள்

பெரும்பாலான வீடுகளில் பணக் கணக்கு ஒருவர் கையில்தான் இருக்கும். பிரிவு வரும்போது மற்றவருக்குக் கணவனின் சம்பளம்கூடத் தெரியாது, அல்லது மனைவி கட்டிவந்த சீட்டு எவ்வளவு என்று தெரியாது. நோட்டீஸ் போன மறுநாள் அலமாரி பூட்டப்பட்டுவிடும். அதனால் பேச்சுவார்த்தை நல்லபடியாக இருக்கும்போதே நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

திருமணப் பதிவுச் சான்று முதலில் வேண்டும். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டத்துக்குப் பின் பதிவு கட்டாயம். பதிவு இல்லையென்றாலும் திருமணம் செல்லாமல் போகாது, அழைப்பிதழும் புகைப்படமும் சாட்சிகளும் உதவும். 1967 முதல் சுயமரியாதைத் திருமணமும் இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவின்படி செல்லும் என்பதால், புரோகிதர் இல்லாத மணம் என்று எதிர்த்தரப்பு பேசினால் கவலைப்பட வேண்டாம்.

அடுத்து வருமானம். மூன்று ஆண்டுகளின் வருமான வரிக் கணக்கு, படிவம் 16, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம். சொந்தத் தொழில் என்றால் ஜிஎஸ்டி கணக்கும் நடப்புக் கணக்கும். கையில் வருமானச் சான்று இல்லாவிட்டாலும் கார்த் தவணை, பள்ளிக் கட்டணம், வெளிநாட்டுப் பயணம் போன்றவை வாழ்க்கைத் தரத்தைக் காட்டும். நீதிமன்றம் அவற்றையும் பார்க்கும்.

சொத்துக்குப் பத்திர நகல், பட்டா, பதிவுத் துறை இணையதளத்தில் எடுக்கும் வில்லங்கச் சான்று. வில்லங்கச் சான்றை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், துணையின் அனுமதி தேவையில்லை. கடைசி ஆறு மாதத்தில் ஏதேனும் சொத்து அண்ணன் பெயருக்கோ அம்மா பெயருக்கோ மாறியிருந்தால் அதில் தெரிந்துவிடும். காப்பீட்டுப் பாலிசிகள், வருங்கால வைப்பு நிதிக் கணக்கு எண், மியூச்சுவல் ஃபண்ட், அடகு நகைச் சீட்டு, ஏலச்சீட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே தாளில் பட்டியலாக எழுதுங்கள்.

உங்கள் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு, புதிய மின்னஞ்சல், புதிய கடவுச்சொல் வேண்டும். துணையின் போனில் உளவுச் செயலி வைக்காதீர்கள். வாழ்க்கைத் துணையின் பேச்சைப் பதிவு செய்ததை விவாகரத்து வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். அதற்காக வேறொருவரின் கணக்கில் நுழைந்து திருடுவது சட்டப்படி சரியாகிவிடாது. உங்களுக்கு வந்த வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வைத்திருந்தாலே போதும்.

நகையும் சீரும்

சீதனம் பெண்ணுக்கு மட்டுமே உரியது. பிறந்த வீடு போட்டது, மாமியார் வீடு போட்டது, உறவினர் பரிசளித்தது எல்லாம் இதில் அடங்கும். கணவன் வீட்டு லாக்கரில் இருப்பதால் அது அவர்களுடையது ஆகிவிடாது. அவர்களிடம் அது ஒப்படைக்கப்பட்ட பொருள், திருப்பித் தர மறுத்தால் நம்பிக்கை மோசடிக் குற்றம் என்று 1985-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024-இலும் அதை உறுதி செய்தது: நெருக்கடியில் கணவன் அதைப் பயன்படுத்தியிருந்தாலும் திருப்பித் தரும் கடமை அவனுக்கு உண்டு.

சட்டம் தெளிவாக இருக்கிறது. சிரமமெல்லாம் சான்றில்தான். நூறு பவுன் போட்டோம் என்பார்கள் ஒருபக்கம், நாற்பதுதான் என்பார்கள் மறுபக்கம். நகைக்கடை ரசீது, கல்யாண வீடியோ, புகைப்படங்கள், சீர்வரிசைப் பட்டியல், மொய் நோட்டு இவைதான் பேசும். மொய் நோட்டைப் பழைய காகிதக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். மணமக்களுக்கு வந்த பரிசுகளைப் பட்டியலிட்டு வைக்க வேண்டும் என்று வரதட்சணைத் தடைச் சட்டத்தின்கீழ் 1985-இல் விதியே வந்தது. எழுதுகிறவர்கள்தான் குறைவு. இப்போதாவது நினைவிலிருந்து எழுதுங்கள்: பொருள், எடை, யார் தந்தது, கடைசியாக எங்கே இருந்தது. லாக்கர் கூட்டாக இருந்தால் இருவரும் ஒரே நாளில் போய்த் திறந்து, பட்டியலிட்டுக் கையெழுத்துப் போடுவது நல்லது. ஒருவர் மட்டும் திறந்துவிட்டால் அதில் என்ன இருந்தது என்ற சண்டை முடியவே முடியாது.

வரதட்சணையாகக் கொடுத்த ரொக்கம் போனது போனதுதான் என்று நினைத்துவிட வேண்டாம். வரதட்சணை வாங்கியதும் கொடுத்ததும் குற்றமே. ஆனாலும் யார் கைக்குப் போயிருந்தாலும் அது பெண்ணின் நலனுக்காக வைத்திருப்பதாகவே கருதப்படும், அவளிடம் ஒப்படைத்தாக வேண்டும் என்கிறது வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு.

வீடு யாருக்கு?

பாதிச் சொத்து மனைவிக்கு என்று வெளிநாட்டுச் செய்திகளைப் படித்து நம்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் அப்படி ஒரு பொதுச் சட்டம் இல்லை. பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ சொத்து அவருக்கே என்பதுதான் தொடக்கப் புள்ளி. கூட்டாக வாங்கியிருந்தால் பத்திரத்தில் எழுதிய பங்கு. ஒருவர் பெயரில் வாங்கி, பணத்தை மற்றவர் போட்டிருந்தால் அந்தப் பணம் வங்கி வழியாகப் போனதற்கான சான்று வேண்டும். முன்பணம் கட்டிய நாளின் கணக்கு விவரம் இருந்தால்தான் பேசவே முடியும்.

இல்லத்தரசிகளுக்கு ஒரு நம்பிக்கை வந்திருக்கிறது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவன் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்து பற்றிய வழக்கில், வீட்டையும் பிள்ளைகளையும் மனைவி பார்த்துக்கொண்டதால்தான் அவன் சம்பாதிக்க முடிந்தது, எனவே அவளுக்கும் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் இதையே எல்லா வழக்குக்கும் தானாகப் பொருந்தும் சட்டமாக எண்ணித் திட்டமிட வேண்டாம்.

கணவனின் பூர்வீகச் சொத்தில் மனைவிக்கு அவன் உயிரோடு இருக்கும்வரை பங்கு கிடையாது, விவாகரத்துக்குப் பின் வாரிசுரிமையும் போய்விடும். பிள்ளைகளின் உரிமை போகாது. மகனானாலும் மகளானாலும் அப்பாவின் பூர்வீகச் சொத்தில் அவர்களின் பங்கு அப்படியே இருக்கும். ஒப்பந்தத்தில் “பிள்ளைகளுக்கும் எந்த உரிமையும் இல்லை” என்று எழுதச் சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்போது பதிவுச் செலவு. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் போன்ற குடும்ப உறுப்பினர்களுக்குள், விலை வாங்காமல் சொத்தை மாற்றித் தரும் செட்டில்மென்ட் பத்திரம் எழுதினால் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலை உயர்வுக்குப் பின் முத்திரைத் தீர்வைக்கு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு 10,000 ரூபாய் உச்சவரம்பு. கிரயப் பத்திரம் என்றால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம். 60 லட்சம் மதிப்புள்ள வீட்டுக்குச் செட்டில்மென்ட் வழியில் 50,000 ரூபாய், கிரய வழியில் 5,40,000 ரூபாய். விவாகரத்துத் தீர்ப்பு வந்த மறுநொடியே நீங்கள் ஒருவருக்கொருவர் குடும்ப உறுப்பினர் இல்லை. அதனால் வீட்டை மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தால், தீர்ப்புக்கு முன்பே பத்திரம் பதிவாக வேண்டும். தருகிறவருக்கு ஓர் ஆபத்து இருக்கிறது, வீட்டை வாங்கிக்கொண்டு மற்றவர் கடைசியில் ஒப்புதலை மறுத்துவிட்டால்? இறுதி விசாரணைக்கு ஓரிரு நாள் முன்பு பதிவு செய்வது, அந்த வரிசையை ஒப்பந்தத்திலேயே எழுதி நீதிமன்றத்தில் தாக்கல் செய்வது என்று அதைச் சமாளிக்கலாம்.

கடன்

வீட்டுக் கடனில் இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தால், விவாகரத்துத் தீர்ப்பு வங்கியைக் கட்டுப்படுத்தாது. “இனி கணவரே கட்டுவார்” என்று நீங்கள் இருவரும் எழுதிக்கொண்டாலும், அவர் தவணை தவறினால் வங்கி உங்களைத் துரத்தும், உங்கள் சிபில் மதிப்பெண்ணும் விழும். வழி மூன்றுதான். வீட்டை விற்றுக் கடனை அடைத்து மிச்சத்தைப் பிரித்துக்கொள்வது. ஒருவர் தன் வருமானத்தைக் காட்டிக் கடனை முழுதாகத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வது. அல்லது புதிய வங்கியில் கடன் வாங்கிப் பழையதை மூடுவது. பெயர் நீக்கப்பட்டதாக வங்கி எழுத்தில் தரும்வரை முடிந்ததாக எண்ணாதீர்கள். பத்திரம் வங்கியிடம் இருக்கும் வரை அதன் சம்மதம் இல்லாமல் செட்டில்மென்ட்டும் எழுத முடியாது, ஆகவே வங்கிக்குத்தான் முதல் நடை.

வீட்டின் மதிப்பைப் பேசும்போது கடனைக் கழித்துப் பேசுங்கள். 60 லட்சம் வீட்டில் 38 லட்சம் கடன் பாக்கி இருந்தால் பிரிப்பதற்கு இருப்பது 22 லட்சம்தான். துணையின் கிரெடிட் கார்டில் கூடுதல் அட்டை வைத்திருந்தால் ரத்து செய்யுங்கள். உறவினர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அதையும் பட்டியலில் சேருங்கள்.

எந்த வழியில் போவது

பரஸ்பர ஒப்புதல் வழி இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவு. ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே கூரையின்கீழ் கணவன் மனைவியாக இல்லாமல் இருந்தாலும் அது பிரிவுதான். கூட்டு மனு போட்டபின் ஆறு மாதம் காத்திருப்பு, பிறகு இரண்டாம் முறை இருவரும் நேரில் வந்து உறுதி செய்ய வேண்டும், 18 மாதத்துக்குள். ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தள்ளுபடிக்கு, மனுவுக்கு முன்பே ஒன்றரை ஆண்டு பிரிந்திருக்க வேண்டும், சமரசம் தோற்றிருக்க வேண்டும், ஜீவனாம்சமும் பிள்ளைகள் விஷயமும் உண்மையாகவே தீர்ந்திருக்க வேண்டும். பணக் கணக்கை முதலில் முடித்தவர்களுக்கு இங்கேயும் நேரம் மிச்சம். தீர்ப்பு வரும் நாள் வரை எவரும் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம் என்பதை மறக்க வேண்டாம்.

ஒருவர் மட்டும் கேட்கும் வழக்குக்குக் காரணம் வேண்டும்: கொடுமை, இரண்டு ஆண்டு கைவிடல், பிறரோடு உறவு, தீராத மனநோய் போன்றவை. “இனிச் சேர்ந்து வாழவே முடியாது” என்பது மட்டும் கீழ் நீதிமன்றங்களில் காரணமாகாது. அந்த அதிகாரம் அரசியலமைப்பின் 142-ஆவது பிரிவின்படி உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு, 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்தது. திருமணமாகி ஓராண்டுக்குள் விவாகரத்து மனு போட முடியாது, மிகக் கடுமையான துன்பம் இருந்தால் மட்டுமே விலக்கு.

பெண் மனுதாரரானால் தான் இப்போது வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 2003 திருத்தம் அந்த உரிமையைத் தந்தது. குடும்ப நல நீதிமன்றம் இல்லாத ஊரில் சார்பு நீதிமன்றம். சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே குடும்ப நல நீதிமன்றங்கள் இருக்கின்றன. முதலில் சமரசப் பேச்சுக்குத்தான் அனுப்புவார்கள். சலித்துக்கொள்ளாதீர்கள், சேர்த்து வைப்பதற்கு மட்டுமல்ல, நல்லபடி பிரிந்துபோகவும் அந்த அறை பயன்படும்.

சம்மன் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பினால் வழக்கு நின்றுவிடும் என்று நினைப்பது பெரிய ஆபத்து. ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்துவிடும். அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான் அவகாசம்.

எல்லாப் பெண்களுக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும், தொலைபேசி எண் 15100. சொந்தமாக வழக்கறிஞர் வைத்தால் கட்டணத்தை எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். தாக்கலாகும் ஒவ்வொரு காகிதத்துக்கும் நகல் கேளுங்கள். வழக்கின் 16 இலக்கச் சி.என்.ஆர். எண்ணை வாங்கிக்கொண்டால் அடுத்த வாய்தாவை நீங்களே இ-கோர்ட்ஸ் செயலியில் பார்த்துக்கொள்ளலாம்.

பேரம் படியட்டும் என்று பொய்யாக வரதட்சணைக் கொடுமைப் புகார் கொடுக்கச் சொல்லும் ஆலோசனைகள் வரும். ஏற்காதீர்கள். உண்மையிலேயே கொடுமை நடந்திருந்தால் யார் தடுத்தாலும் கொடுங்கள், கொடுத்ததற்கு மனு ரசீதை வாங்காமல் காவல் நிலையத்தைவிட்டு வராதீர்கள்.

ஜீவனாம்சம்

வழக்கு நடக்கும்போதே செலவுக்குப் பணம் கேட்கலாம், அது இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு. வழக்கு முடிந்தபின் நிரந்தர ஜீவனாம்சம் 25-ஆம் பிரிவு. இந்த இரண்டையும் வருமானமில்லாத கணவனும் கேட்க முடியும். விவாகரத்து வழக்கே போடாமல் பராமரிப்பு மட்டும் கேட்க, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவுக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு.

2020 நவம்பரில் வந்த ரஜ்னேஷ் – நேஹா தீர்ப்பு இந்த விஷயத்தில் புது வழி திறந்தது. இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன், மாதச் செலவு அனைத்தையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். மனு போட்ட தேதியிலிருந்தே தொகை கணக்கிடப்படும். அதனால் அந்தப் பிரமாணப் பத்திரத்தை வழக்கறிஞரின் உதவியாளர் அவசரமாக நிரப்பட்டும் என்று விடாதீர்கள். வாடகை, மளிகை, பள்ளி வேன், அம்மாவின் மருந்து, கேஸ் சிலிண்டர் என்று ஒவ்வொன்றையும் எழுதி ரசீது இணையுங்கள். நீங்கள் சம்பாதிப்பதை மறைக்க வேண்டாம். சம்பாதிக்கும் மனைவிக்கும் வித்தியாசத்தைப் பொறுத்து ஜீவனாம்சம் கிடைக்கும், பொய் பிடிபட்டால் உண்மையான கோரிக்கையும் சேர்ந்து அடிபடும்.

சம்பளத்தில் 25 சதவீதம் என்று ஒரு கணக்குப் புழங்குகிறது. 2017-இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன அளவு அது. சட்டத்தில் அப்படி எந்த வாய்ப்பாடும் இல்லை.

மொத்தத் தொகையா, மாதத் தொகையா? கொடுக்கிறவர் நிலையான அரசு வேலையில் இருந்து, பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தால் மாதத் தொகையும், அதில் ஆண்டுதோறும் உயர்வும் நல்லது. தொழில் நடத்துகிறவர், வெளிநாடு போகப்போகிறவர், பணம் தருவதில் ஏற்கெனவே இழுத்தடித்தவர் என்றால் குறைவாக இருந்தாலும் மொத்தமாக வாங்கிவிடுவதே மேல் என்பது என் உறுதியான கருத்து. வரிக் கணக்கும் வேறுபடும். மொத்தமாகத் தரும் தொகையை மூலதன வரவாகக் கருதி வரி விதிக்காத போக்கே நீதிமன்றங்களில் இருந்துவருகிறது, மாதத் தொகை பெறுகிறவரின் வருமானத்தில் சேரும். கொடுக்கிறவருக்கு இரண்டிலுமே வரிச் சலுகை இல்லை. பிரிந்து வாழும் ஒப்பந்தத்தின் பகுதியாக மனைவி பெயருக்கு மாற்றிய சொத்தின் வருமானம் மட்டும் கணவனின் வருமானத்தோடு சேர்க்கப்படாது. இதைத் தணிக்கையாளரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

பிள்ளைகள்

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை பொதுவாகத் தாயிடம். அதற்கு மேல் குழந்தையின் நலன் ஒன்றே அளவுகோல், யார் அதிகம் சம்பாதிக்கிறார் என்பது அல்ல. ஓரளவு விவரம் தெரிந்த பிள்ளையிடம் நீதிபதியே தனியாகப் பேசுவார். பிள்ளைக்கு வசனம் சொல்லிக் கொடுக்காதீர்கள். அது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் கொடுமை.

ஒப்பந்தத்தில் “அப்பா பார்க்கலாம்” என்று மட்டும் எழுதினால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சண்டை வரும். எந்தக் கிழமை, எத்தனை மணி, எங்கே ஒப்படைப்பது, கோடை விடுமுறையிலும் பொங்கல் தீபாவளியிலும் எப்படி, தொலைபேசியில் எப்போது என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். பள்ளிக் கட்டணம் உயரும், ஆகவே தொகையாக எழுதாமல் “கட்டணத்தில் பாதி, பள்ளிக்கே நேரடியாக” என்று எழுதுங்கள். கல்லூரிச் செலவையும் இப்போதே சேருங்கள், 18 வயதோடு எல்லாம் முடிவதாக எழுதிவிட்டால் செலவு தொடங்குகிற வயதில் உதவி நின்றுபோகும்.

மருத்துவக் காப்பீட்டைத் தள்ளிப்போடாதீர்கள். துணையின் நிறுவனக் குழுக் காப்பீட்டில் விவாகரத்துக்குப் பின் உங்களுக்கு இடமில்லை. புதிய பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருப்பு இருக்கலாம், 2024 முதல் அதுவே உச்ச அளவு. வழக்கு தொடங்கும்போதே தனிப் பாலிசி எடுத்தால் அந்தக் காலம் வழக்கோடு சேர்ந்தே ஓடிவிடும்.

ஒப்பந்தத்தை எழுதும் விதம்

தொகை எழுத்திலும் எண்ணிலும். தேதி. வங்கி வரைவோலையா, கணக்கு மாற்றமா. மனு தாக்கலன்று ஒரு பகுதி, இறுதி உறுதியன்று மீதி என்று பிரித்துக்கொள்வது இருவருக்குமே பாதுகாப்பு. ரொக்கமாகக் கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். சொத்துக்குச் சர்வே எண், எல்லை, பரப்பளவு. நகைக்குத் தனி அட்டவணை. நிலுவையிலுள்ள ஒவ்வொரு வழக்கின் எண்ணும், அதை யார், எந்தத் தேதிக்குள் திரும்பப் பெறுவது என்பதும். பணம் வராவிட்டால் வட்டி எவ்வளவு என்பதும். கூட்டு மனுவோடு ஒப்பந்தத்தை இணைத்து, தீர்ப்பாணையிலேயே அதைச் சேர்க்கச் சொல்லுங்கள். தனியே பையில் வைத்திருக்கும் ஒப்பந்தத்தை அமல்படுத்த இன்னொரு வழக்கு வேண்டியிருக்கும்.

மற்ற சட்டங்களில்

சிறப்புத் திருமணச் சட்டம், 1954-இல் பதிவானவர்களுக்கு மேலே சொன்னது ஏறத்தாழ அப்படியே பொருந்தும், பிரிவு எண்கள்தான் மாறும். கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம், பரஸ்பர ஒப்புதலுக்கு அதன் 10ஏ பிரிவு இரண்டு ஆண்டுப் பிரிவைக் கேட்கிறது. முஸ்லிம் பெண்கள் 1939-ஆம் ஆண்டின் திருமண முறிவுச் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் போகலாம், மனைவியே கேட்டுப் பெறும் மணமுறிவான குலா வழியும் உண்டு. ஆனால் தனியார் அமைப்புகள் தரும் குலா சான்றிதழ் செல்லாது, குடும்ப நல நீதிமன்றத்துக்கே போக வேண்டும் என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் 2019 சட்டப்படி செல்லாது, குற்றமும் ஆகும். விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் பொதுவான பராமரிப்புப் பிரிவின்கீழ் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

துணை வெளிநாட்டில் இருந்து அங்கே விவாகரத்து வாங்கிவிட்டால் அது தானாக இங்கே செல்லாது. நம் சட்டத்தில் இல்லாத காரணத்துக்காக, நீங்கள் ஒப்புக்கொள்ளாமலும் கலந்துகொள்ளாமலும் தந்த தீர்ப்பை ஏற்க வேண்டியதில்லை என்பது 1991-இலிருந்து உச்ச நீதிமன்றத்தின் நிலை. ஆனால் அங்கிருந்து வரும் நோட்டீஸை வழக்கறிஞரிடம் காட்டாமல் பதில் எழுதாதீர்கள், பதிலே அந்த நீதிமன்றத்தை ஏற்றுக்கொண்டதாகிவிடலாம்.

தீர்ப்பு வந்தபின்

சான்றிட்ட நகலை இரண்டு மூன்றாக வாங்கி வையுங்கள். எதிர்த்து நடந்த வழக்கென்றால் மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை மறுமணப் பேச்சு வேண்டாம். வங்கி, காப்பீடு, வருங்கால வைப்பு நிதி, மியூச்சுவல் ஃபண்ட் எல்லாவற்றிலும் வாரிசுதாரர் நியமனத்தை மாற்றுங்கள். விவாகரத்தால் அது தானாக மாறாது, பழைய உயிலும் ரத்தாகாது. திருமணமான பெண்களின் சொத்துச் சட்டத்தின்கீழ் எடுத்த ஆயுள் காப்பீட்டில் மட்டும் பயனாளியை மாற்ற முடியாது, எடுத்தவர் இதை ஒப்பந்தத்தின்போதே கணக்கில் சேர்த்திருக்க வேண்டும். கூட்டுக் கணக்கை மூடுங்கள். குடும்ப அட்டையில் பெயர் நீக்கி, புதிய அட்டைக்கு விண்ணப்பியுங்கள். அட்டை தனியாக இல்லாமல் பல அரசு உதவிகள் கிடைக்காது. கைவிடப்பட்ட பெண்களுக்கான ஓய்வூதியம் பற்றித் தாலுகா அலுவலகத்தில் விசாரியுங்கள்.

மாதத் தொகை வாங்குகிறவர்கள் ஒரு நோட்டில் வந்த தேதியையும் தொகையையும் எழுதிவாருங்கள். நின்றுபோனால் “அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்” என்ற வாக்கை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். 144-ஆம் பிரிவின்கீழ் வந்த உத்தரவானால் தொகை சேர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வசூல் மனு போட்டாக வேண்டும், அதைத் தாண்டிய மாதங்களுக்கு வாரண்ட் கேட்க முடியாது. வாரண்டுக்குப் பின்னும் தராவிட்டால் ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்க நீதித்துறை நடுவருக்கு அதிகாரம் உண்டு. கொடுக்கிறவருக்கு வேலை போய்விட்டால், அல்லது விலைவாசிக்குத் தொகை போதாவிட்டால், இரு தரப்பும் தொகையை மாற்றக் கேட்டு அதே நீதிமன்றத்தில் மனு போடலாம். உத்தரவு மாறும்வரை பழைய தொகைதான் கடன்.